கோளிடைத் தூசி: கூரையிலேயே கிடைக்கும்போது விண்வெளிக்குப் போய் ஏன் பிடிக்க வேண்டும்?

இரவாடி:
எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக உறுத்தும் கேள்வி இது. பூமியின் மீது ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டன் விண்தூசி விழுகிறது. கட்டடக் கூரைகளைக் கூட்டி, அள்ளிய குப்பையில் காந்தத்தை ஓட்டி அதை எடுக்கிறார்கள். அண்டார்க்டிகா பனியை உருக்கி எடுக்கிறார்கள். 1872-76ல் உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் ஆழ்கடல் சேற்றிலிருந்தே அள்ளி வந்தது.

அப்படியிருக்க, ஸ்டார்டஸ்ட் விண்கலம் 1999ல் கிளம்பி, 2004 ஜனவரியில் வில்ட்-2 வால்நட்சத்திரத்தைத் தொட்டுவிடும் தூரத்தில் கடந்து, 2006 ஜனவரியில் யூட்டா பாலைவனத்தில் ஒரு பெட்டியை இறக்கியது. ஏழு வருட உழைப்புக்குக் கிடைத்தது கண்ணுக்கே தெரியாத துகள்கள். வாசலில் கொட்டிக் கிடப்பதற்கு ஏன் இத்தனை தூரம் போக வேண்டும்? கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

தும்பி:
கூரையில் கிடைப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பளபளவென்று கறுப்பு உருண்டை. அந்த அழகுதான் சிக்கலே. உருண்டையாக இருக்கிறது என்றால் உருகியிருக்கிறது என்று பொருள். வளிமண்டலத்தில் சூடேறி, சொட்டாகி, மறுபடி உறைந்த பொருள் அது. உருகுவதற்கு முன் உள்ளே எந்தக் கனிமம் எதன் பக்கத்தில் இருந்தது என்ற கதை அத்தோடு போச்சு.

ஆனாலும் யான் லார்சனைக் குறைத்துச் சொல்லமாட்டேன். நார்வேக்காரர், ஜாஸ் இசைக்கலைஞர். "நகரத்துத் தூசியில் விண்தூசியைப் பிரித்தெடுக்கவே முடியாது" என்று துறையே சொல்லிக்கொண்டிருந்தபோது பிடிவாதமாகத் தேடி, 2017ல் ஆய்வாளர்களோடு சேர்ந்து கட்டுரையாகவே கொண்டுவந்துவிட்டார்.

ஊசிமுனை:
இரவாடி தம்பி, இடையில் ஒரு படியை விட்டுவிட்டீர்கள். கூரைக்கும் விண்வெளிக்கும் நடுவே விமானம் இருக்கிறது.

1970களில் டொனால்ட் பிரௌன்லீ என்ற விஞ்ஞானி யு-2 விமானத்தின் இறக்கையில் சிலிக்கோன் எண்ணெய் தடவிய தட்டுகளைப் பொருத்தி, சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில் தூசி பிடித்துக் காட்டினார். இன்றைக்கும் அதே வழிதான், விமானங்கள்தான் மாறியிருக்கின்றன. வேகத்தில் வரும் துகள் 80, 100 கிலோமீட்டர் உயரத்திலேயே பிரேக் போட்டுவிடும். அதற்கப்புறம் அது பஞ்சு மாதிரி மெல்ல இறங்குகிறது. விண்வெளியில் விநாடிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியது இங்கே விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் இறங்கினால், பின்னால் வருவதெல்லாம் நெரிசலில் மாட்டிக்கொள்ளும் இல்லையா? அதனால் அந்த உயரத்தில் தூசி விண்வெளியைவிடச் சுமார் 10 லட்சம் மடங்கு அடர்த்தியாக இருக்கிறது. அப்படியும் ஒரு தட்டை மணிக்கணக்கில் காட்டினால்தான் கைக்கு நாலு துகள் சிக்கும்.

பத்து மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துகள்களில் பெரும்பாலானவை உருகுவதில்லை. எடைக்கு மேற்பரப்பு அதிகம் என்பதால் வாங்கும் சூட்டை உடனே வெளியே விட்டுவிடும். அவற்றைப் பார்த்தால் திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும், நுண்மணிகள் ஒட்டி ஒட்டி நடுவே வெற்றிடமாக. ஒவ்வொரு மணியும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. சூரியக் குடும்பம் உருவானபோது இருந்த பொருளுக்கு மிக நெருக்கமாக நம் கையில் இருப்பவற்றில் இதுவும் ஒன்று. அதிலுள்ள சில மணிகளின் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம், அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள் கலந்திருக்கும் விகிதம், சூரியக் குடும்பத்தோடு ஒத்தே போகாது. சூரியன் பிறப்பதற்கு முன் வேறு விண்மீன்களைச் சுற்றி உறைந்த மணிகள் அவை.

இரவாடி:
அக்கா, நீங்கள் சொல்வதைக் கேட்டால் என் கேள்வி இன்னும் வலுக்கிறது! விமானத்திலேயே இவ்வளவு நல்ல சரக்கு கிடைக்கிறதே?

ஊசிமுனை:
கிடைக்கிறது, ஆனால் பூர்வீகம் தெரியாது.

ஒரு துகள் வால்நட்சத்திரத்திலிருந்து உதிர்ந்ததா, இரண்டு சிறுகோள்கள் மோதியதில் தெறித்ததா என்று அதன் நெற்றியில் எழுதியிருக்காது. பாதையை வைத்துச் சொல்லலாம் என்றால் அதற்கும் வழியில்லை. சூரிய ஒளி தூசியின் மீது பட்டுப் பட்டு அதன் சுற்றுவேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடும். பாய்ன்டிங்-ராபர்ட்சன் விளைவு என்பார்கள். பத்து மைக்ரான் துகள் நம் தூரத்திலிருந்து பத்தாயிரம் ஆண்டுக் கணக்கில் சுருள் சுருளாகச் சூரியனை நோக்கி இறங்கும். அதற்குள் அதன் பழைய பாதையின் நீளம் அகலமெல்லாம் தேய்ந்து வட்டமாகிவிடும். எங்கிருந்து வந்தது என்ற தடயம் அங்கேயே அழிகிறது.

ஒரு தடவை நன்றாகக் குறிவைத்துப் பார்த்தார்கள். கிரிக்-ஷெல்லரப் வால்நட்சத்திரத்தின் தூசிப் பட்டையைப் பூமி கடக்கும் என்று கணித்து, 2003 ஏப்ரலில் விமானத்தை அனுப்பினார்கள். வந்த துகள்களில் சூரியனுக்கு முந்தைய மணிகள் ஏராளம். மாங்கனீசும் சிலிக்கனும் சேர்ந்த ஒரு புதுக் கனிமமும் அகப்பட்டது. அதற்கு பிரௌன்லீயைட் என்று பெயர் வைத்தார்கள். பிரௌன்லீதான் ஸ்டார்டஸ்ட் திட்டத்தின் தலைமை விஞ்ஞானியும்கூட. விமானத்தில் பிடித்துப் பழகிய மனிதரே விண்கலம் வேண்டும் என்று நின்றார். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

கணக்கர்:
எல்லாம் சரி, யாரும் வேகத்தைப் பற்றிப் பேசக் காணோம். ஸ்டார்டஸ்ட் மீது வில்ட்-2 தூசி மோதிய வேகம் விநாடிக்கு 6.1 கி.மீ. அதை 2 சென்டிமீட்டருக்குள் நிறுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வேகம் சீராகக் குறைகிறது என்றே எடுத்தாலும் மொத்தம் 6, 7 மைக்ரோவிநாடியில் கதை முடிகிறது. துகள் மீது வரும் விசை அதன் எடையைப் போல் 9 கோடி மடங்குக்கு மேல். ஆற்றலைப் பார்த்தால் கிலோவுக்கு 18 மெகாஜூலுக்கு மேல். டி.என்.டி. வெடிமருந்திலேயே கிலோவுக்கு நாலு சொச்சம்தான்.

வளிமண்டலம் இதே வேலையை அதைவிட மிக மிகப் பெரிய தூரத்தில், விநாடிக் கணக்கில் செய்கிறது. அப்படியானால் துகளை யார் பக்குவமாகப் பிடிக்கிறார்கள்? விண்கலமா, காற்றா? எனக்கென்னவோ காற்றுதான் என்று படுகிறது.

ஊசிமுனை:
கணக்கு சரிதான். அதனால்தான் உலோகத் தட்டுக்குப் பதில் ஏரோஜெல் வைத்தார்கள்.

கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு விசித்திரமான பொருள். சிலிக்காதான், கண்ணாடியின் அதே சரக்கு, ஆனால் கிட்டத்தட்ட முழுக்கவே வெறும் வெற்றிடம். கறுப்புத் துணி மேல் வைத்தால் நீலப் புகை கட்டியாக உறைந்து நிற்பதுபோல் இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் லேசாக மஞ்சளடிக்கும். ஸ்டார்டஸ்ட் கட்டிகளின் முன்பக்கம் காற்றைப் போல் நாலு மடங்குதான் கனம், உள்ளே போகப் போக அடர்த்தி கூடும். துகள் முதலில் மெத்தென்ற இடத்தில் நுழைந்து, பின்னால் கெட்டியான இடத்தில் நிற்கட்டும் என்று அப்படிச் செய்தார்கள்.

துகள் போன வழி பக்கவாட்டில் அப்படியே தெரியும். திடமான ஒற்றை மணி என்றால் கேரட் மாதிரி நீளமாக ஒரு துளை, அதன் நுனியில் மணி உட்கார்ந்திருக்கும். புட்டுப்போல உதிரும் துகள் என்றால் நுழைந்ததுமே வெடித்து, மேலே பெரிய குமிழும் கீழே வேர் வேராகக் கோடுகளும். அந்தக் குமிழின் சுவரில்தான் நுண்தூள் அத்தனையும் உருகிய சிலிக்காவோடு கலந்து பூசியிருக்கும். கணக்கர் கேட்டதற்குப் பதில் இதுதான்: கெட்டியான மணிகள் பிழைத்தன, மென்மையானவை அடிபட்டன.

எடுப்பது அதைவிடப் பெரிய பாடு. நுண்கருவியில் பொருத்திய கண்ணாடி ஊசியை ஆயிரக்கணக்கான முறை குத்திக் குத்தி, தடத்தைச் சுற்றி ஆப்பு வடிவில் ஏரோஜெல்லை வெட்டி வெளியே எடுப்பார்கள். அப்புறம் அதிலிருந்து மணியைப் பிரித்து, பிசினில் பதித்து, வைரக் கத்தியால் 100 நானோமீட்டருக்கும் குறைவான கனத்தில் சீவல் சீவலாக்கி மின்னணு நுண்ணோக்கியில் வைக்க வேண்டும்.

சொந்தக் கதை ஒன்று. பயிற்சிக்காக வாயுத் துப்பாக்கியால் சுட்டுப் பதித்த ஆலிவின் என்ற கனிமத்தின் மணி, 12 மைக்ரான். மூன்று நாள் வெட்டி, ஊசி நுனியில் தூக்கிவிட்டேன். அன்றைக்கு அறைக் காற்று ரொம்ப உலர்ந்திருந்தது. ஊசியைத் தட்டின் பக்கம் கொண்டுபோனேன், நிலைமின் ஏற்றத்தில் மணி துள்ளியது. கண்ணெதிரே இருந்தது, அடுத்த கணம் இல்லை. சத்தமும் இல்லை. அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

தும்பி:
அக்கா, படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது.

கணக்கர்:
> கெட்டியான மணிகள் பிழைத்தன, மென்மையானவை அடிபட்டன.

இதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். விமானத் துகள்களில் உலோகமும் சல்பைடும் பொதிந்த கண்ணாடி மணிகள் கிடைக்கும் அல்லவா, ஜெம்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஸ்டார்டஸ்டிலும் அதே மாதிரி ஒன்று தெரிந்தது. ஆனால் துகளிலிருந்த சல்பைடு உருகிய ஏரோஜெல்லில் தெறித்தாலும் அதே தோற்றம்தான் வரும் என்று 2008ல் காட்டிவிட்டார்கள். பிடிக்கப் போன கருவியே போலிச் சரக்கு தயாரிக்கிறது. வால்நட்சத்திரத்தின் ஆதிப் பொருளைத் தேடிப் போய், எது நம்முடையது, எது அதனுடையது என்று தெரியாமல் நிற்பதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊசிமுனை:
நுண்தூள் விஷயத்தில் தோல்விதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிழைத்த மணிகள் என்ன சொன்னன என்று பாருங்கள்.

வால்நட்சத்திரம் என்றால் நெப்டியூனுக்கு அப்பால் குளிரில் உறைந்த பொருள். அதிலுள்ள கல்லும் விண்மீனிடைத் தூசியாகவே இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வில்ட்-2வில் கிடைத்ததோ கால்சியமும் அலுமினியமும் நிறைந்த மணி. இன்டி என்று பேர் வைத்தார்கள், இன்காக்களின் சூரியக் கடவுள். இந்த வகைப் பொருள் உறைய ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அதாவது இளஞ்சூரியனின் அருகே. அங்கே உருவானது எப்படி பனிக்கட்டி தூரத்துக்குப் போய்ச் சேர்ந்தது? இளஞ்சூரியனைச் சுற்றியிருந்த வாயுவும் தூசியுமான தட்டு உள்ளிருந்து வெளியே நன்றாகக் கலக்கப்பட்டிருக்கிறது என்பது தவிர வேறு விளக்கம் கஷ்டம்.

இதே மணி விமானத் தட்டில் விழுந்திருந்தால் "சிறுகோள் துண்டு" என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்திருப்போம். வில்ட்-2விலிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரிந்ததால் மட்டுமே அது செய்தியானது.

மின்மினி:
நான் வேறு கட்சி. ஏன் முழுசாகப் பிடித்தே தீர வேண்டும்? மோதி உடையட்டும், உடைவதையே அளப்போம்.

துகள் விநாடிக்குப் பத்து, இருபது கிலோமீட்டரில் உலோகத் தகட்டில் மோதினால் ஆவியாகி, அதில் ஒரு பங்கு அயனியாகும். அந்த அயனிகளை மின்புலத்தில் இழுத்து ஓடவிட்டால், லேசானவை முதலில் வந்து சேரும், கனமானவை பின்னால். வந்து சேரும் நேரத்தை வைத்தே எந்தத் தனிமம் என்று சொல்லிவிடலாம். காசினி விண்கலத்தில் இருந்த தூசிக் கருவி சனியைச் சுற்றிக்கொண்டே இதைச் செய்தது. லட்சக்கணக்கான மோதல்களில் 36 துகள்கள் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்தவை என்று வேகத்தையும் திசையையும் வைத்துப் பிரித்தார்கள், 2016ல் வெளிவந்தது. அதற்கு முன் யுலிசீஸ் கலம்தான் 90களில் விண்மீனிடைத் தூசி நம் பக்கம் வீசுகிறது என்று முதலில் காட்டியது.

ஸ்டார்டஸ்ட் தட்டின் மறுபக்கத்தையும் விண்மீனிடைத் தூசிக்காகவே திறந்து வைத்தார்கள். ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் கணினித் திரையில் ஏரோஜெல் படங்களைத் துழாவினார்கள். 2014ல் 7 துகள்கள் தேறின, அதுவும் "இருக்கலாம்" என்ற அளவில். அதில் வேடிக்கை, தடங்களில் பலவற்றில் சீரியம் இருந்தது. சூரியப் பலகையை மூடும் கண்ணாடியில் போடும் சரக்கு அது. விண்கலத்தின் சொந்தச் சில்லுகளே அதன் வலையில் விழுந்திருக்கின்றன!

2025 செப்டம்பரில் ஏவிய இமாப் கலத்திலும் விண்மீனிடைத் தூசிக்கென்றே ஒரு மோதல் கருவி போயிருக்கிறது. சின்ன அளவிலும் செய்யலாம். 2024 ஜனவரி 1 அன்று பி.எஸ்.எல்.வி.-சி58 ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தை மேலேயே ஆய்வுமேடையாக வைத்துக்கொண்டார்கள் அல்லவா, அதில் டெக்ஸ் என்ற 3 கிலோ தூசிக் கருவி இருந்தது. சுமார் 1000 விநாடிக்கு ஒரு மோதல் என்று எண்ணிக் கொடுத்தது.

ஊசிமுனை:
மின்மினி, நல்ல வாதம். ஆனால் உங்கள் முறையில் என்ன தனிமம் என்று தெரியுமே தவிர, அவை எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்று தெரியாது. கட்டடத்தை இடித்துச் செங்கல் எத்தனை, சிமென்ட் எத்தனை என்று எண்ணுவது மாதிரி. ஐசோடோப்பும் ஆய்வகத் துல்லியத்துக்கு வராது. பத்து வருடம் கழித்து நல்ல கருவி வந்தால் மறுபடி எடுத்துப் பார்க்கத் துகளும் மிஞ்சாது.

கையில் இருக்க வேண்டும், பூர்வீகம் தெரிய வேண்டும், உடம்பு கெடாமல் இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக இன்னும் வாய்க்கவில்லை.

கணக்கர்:
இன்னொன்று. தொடக்கத்தில் சொன்ன "ஆயிரக்கணக்கான டன்" எத்தனை ஆயிரம்? ஓரிடத்தில் 40,000 என்றும் இன்னோரிடத்தில் 5,200 என்றும் பார்த்தேன். எட்டு மடங்கு வித்தியாசம். எதை நம்புவது?

தும்பி:
இரண்டும் வேறு வேறு இடத்தில் எண்ணியது. எல்டெஃப் என்ற பெரிய உருளையை 1984ல் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தில் கொண்டுபோய் மிதக்கவிட்டு, 1990 ஜனவரியில் கொலம்பியாவில் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரே முகத்தை எப்போதும் முன்னே காட்டியபடி அஞ்சே முக்கால் வருடம் சுற்றியது. அதன் அலுமினியத் தகடுகளில் விழுந்த குழிகளை லவ்வும் பிரௌன்லீயும் எண்ணி, 1993ல் ஆண்டுக்கு 40,000 டன், கூடக்குறைய 20,000 என்றார்கள். அது வளிமண்டலத்துக்கு வெளியே.

5,200 என்பது அண்டார்க்டிகாவின் கன்கார்டியா நிலையம் அருகே பனியை உருக்கி எண்ணியது, 2021ல் வந்தது. தரையில் வந்து சேர்ந்தது மட்டும், அதுவும் 700 மைக்ரானுக்குக் கீழே. வழியில் ஆவியாகும் பங்கைச் சேர்த்து அவர்களே மேலே சுமார் 15,000 டன் என்கிறார்கள். மீதி இடைவெளி எல்டெஃப் கணக்கின் கூடக்குறையவுக்குள் ஏறக்குறைய வந்துவிடுகிறது. குழியிலிருந்து துகளின் எடையைச் சொல்வதற்கு வேகத்தை ஊகித்தாக வேண்டும், அங்கேதான் இடிக்கும்.

பூமியின் அருகில் பிடிப்பதில் இன்னொரு தொல்லையும் உண்டு. குழியில் ஒட்டியிருப்பது அலுமினியம் ஆக்சைடு என்றால் திட எரிபொருள் ராக்கெட்டின் புகை, டைட்டானியமும் துத்தநாகமும் என்றால் விண்கலத்துப் பெயின்ட். நம் குப்பையைக் கழித்தால்தான் வானத்துத் தூசி மிஞ்சும்.

இரவாடி:
குப்பை என்றதும் கேட்கத் தோன்றுகிறது. ஸ்டார்டஸ்டில் அமினோ அமிலம் கிடைத்ததாகச் சொன்னார்களே, அதுவும் நம் கை பட்டதுதானோ?

ஊசிமுனை:
அந்தச் சந்தேகம் அவர்களுக்கே இருந்தது. கிளைசின் என்ற அமினோ அமிலம் தெரிந்தது, கூடவே நைலான் உடைந்தால் வரும் ஒரு அமிலமும் தெரிந்தது. மாதிரிகளைப் போட்டு வைத்த நைலான் பையின் வேலை அது. அதனால் கிளைசினின் கார்பன் ஐசோடோப்பையே தனியாக அளந்தார்கள். ஸ்டார்டஸ்டின் அலுமினியத் தகட்டிலிருந்து எடுத்த கிளைசினில் கார்பன்-13, பூமியில் வழக்கமாக இருப்பதைவிடத் தெளிவாக அதிகம். 2009ல்தான் வாய் திறந்து வால்நட்சத்திரத்துடையது என்றார்கள். பெட்டி தரையிறங்கி மூன்று வருடம் கழித்து!

மின்மினி:
அக்காவின் மூன்று நிபந்தனைக்கு ரொம்ப நெருங்கியது ரொசெட்டா விண்கலம் என்பேன். 67பி என்ற வால்நட்சத்திரத்தின் கூடவே நடந்து போனது, அதனால் தூசி வந்து சேர்ந்தது மனிதன் நடக்கிற, ஓடுகிற வேகத்தில். கோசிமா கருவியின் தட்டுகளில் 35,000க்கும் மேல் துகள்கள் ஒட்டின. அந்த வேகத்திலேயே பல துகள்கள் தட்டில் பட்டதும் உதிர்ந்து பரவிவிட்டன, அவ்வளவு பொலபொலப்பு. எடையில் ஏறத்தாழ பாதி கரிமப் பொருள். பூர்வீகம் தெரியும், உடம்பும் பரவாயில்லை. கைக்குத்தான் வரவில்லை. தட்டுகள் கலத்தோடு 67பி மேலேயே கிடக்கின்றன.

இரவாடி:
அப்போ அடுத்தது, ரொசெட்டா மாதிரி கூடவே போய், ஸ்டார்டஸ்ட் மாதிரி திரும்பி வர வேண்டும். எரிபொருள் கணக்கைக் கணக்கர் போட்டுச் சொல்லட்டும்!

அக்கா, ஒன்று கேட்க மறந்தேன். துள்ளிப் போன அந்த 12 மைக்ரான் மணி அப்புறம் கிடைத்ததா?

ஊசிமுனை:
இரண்டு வாரம் கழித்து, அறையின் மேடையை மெல்ல ஒட்டியெடுத்து நுண்ணோக்கியில் வைத்துத் தேடினோம். 12 மைக்ரான் ஆலிவின் மணி மூன்று கிடைத்தது. எங்களுக்கு முன்னும் அங்கே பலர் தொலைத்திருக்கிறார்கள் போல. எது என்னுடையது என்று இன்றுவரை தெரியவில்லை.